ஆக்சிஜன் கொடுப்பதும் சளியை வெளியேற்றுவதும்: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

இரவுப் பணியில் ஒருமுறை, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன செவிலியர் ஒருவர் என்னிடம் விரைந்து வந்து, ஏழாம் கட்டிலில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு எட்டு லிட்டர் ஆக்சிஜன் ஓடியும் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் விழுக்காடு, 84க்கு மேல் ஏறவில்லை, பத்து லிட்டராக உயர்த்தலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தபோது ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரின் பந்து சரியாக எட்டில் நின்றது. ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குமிழியும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் மாஸ்க்கைக் கழற்றி என் கன்னத்தருகே பிடித்தபோது காற்று வந்த சுவடே இல்லை. பாட்டிலின் மூடி மரை மாறிக் கோணலாகத் திருகப்பட்டிருந்தது; எட்டு லிட்டரும் அந்த இடுக்கு வழியே மெல்லிய சீறலோடு வார்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி நேராகத் திருகிய சில நிமிடங்களில் சாச்சுரேஷன் 93ஐத் தொட்டது.

ஃப்ளோமீட்டரில் தெரியும் லிட்டர் வேறு, நோயாளியின் இரத்தத்தில் போய்ச் சேரும் ஆக்சிஜன் வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் பாட்டில், குழாய், மாஸ்க், மூக்கு, தொண்டை, சளி அடைத்த மூச்சுக்கிளைகள் என்று பல இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்திலும் வழி மறிக்கப்படலாம். செவிலியரின் வேலை அந்த வழி முழுவதையும் திறந்து வைத்திருப்பதே என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் ஆக்சிஜன் கொடுப்பதையும் சளியை வெளியேற்றுவதையும் இங்கே ஒரே வேலையாக எழுதுகிறேன்.

முதலில் நோயாளியைப் பாருங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் கட்டிலருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். மூச்சு எண்ணிக்கையை முழு நிமிடமும் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது, மூச்சு ஒழுங்கில்லாத நோயாளியிடம் தவறான கணக்கையே தரும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே கழுத்துத் தசைகள் இழுத்துக்கொள்கின்றனவா, விலா இடுக்குகள் உள்வாங்குகின்றனவா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா என்று கவனியுங்கள். உதடும் நாக்கும் நீலமாவது மிகவும் பிந்தி வரும் அறிகுறி. அதற்கு வெகு முன்பே நோயாளி அமைதியிழந்து புரளத் தொடங்குவார், மாஸ்க்கைப் பிடுங்குவார், பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வார். இரவில் இப்படித் தொந்தரவு செய்யும் நோயாளிக்குத் தூக்க மருந்து கேட்பதற்கு முன் சாச்சுரேஷன் பாருங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு அடர்த்தியாக இருந்தாலும், கை நடுங்கினாலும், அதே கையில் இரத்த அழுத்தப் பட்டை இறுகிக்கொண்டிருந்தாலும் எண் தவறும். கருவி காட்டும் நாடித்துடிப்பும் உங்கள் விரல் உணரும் நாடித்துடிப்பும் ஒத்துப்போனால்தான் அந்தச் சாச்சுரேஷனைக் குறிப்பேட்டில் எழுதலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது நம் மக்களைப் பார்த்துக்கொள்ளும் நாம் மறக்கக் கூடாத செய்தி. தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கு, கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் இது நல்ல இரத்தமாகவே எண்ணி 98 என்று காட்டும்; அவருக்கு எண்ணைப் பார்த்து ஆக்சிஜனை நிறுத்திவிடாதீர்கள்.

சிலிண்டர், ஃப்ளோமீட்டர், பாட்டில்

சுவரில் குழாய் இணைப்பு உள்ள வார்டில் வேலை எளிது. சிலிண்டர் என்றால் சில பழக்கங்கள் கைக்கு வந்தாக வேண்டும். நம் நாட்டில் ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள்பட்டைப் பகுதி வெள்ளை. நிறத்தோடு லேபிளையும் படித்துவிட்டே பொருத்துங்கள். சிலிண்டரைச் சங்கிலியாலோ தள்ளுவண்டியிலோ நிற்க வைத்த பிறகு, சாவியால் வால்வைக் கணநேரம் திறந்து மூடினால் வாயிலில் உள்ள தூசி வெளியேறிவிடும். அதன் பிறகு ரெகுலேட்டரைப் பொருத்தி, ஃப்ளோமீட்டரை மூடிய நிலையில் வைத்து, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். இணைப்பு இறுகவில்லை என்று எண்ணெயோ கிரீஸோ தடவுவது பேராபத்து. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகவே தீப்பற்றும். எண்ணெய் பட்ட கையாலும் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள்.

மிச்சம் எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கை ஒவ்வொருவரும் மனத்தில் போடப் பழக வேண்டும். பி வகைச் சிலிண்டரில் முழுமையாக நிரப்பினால் ஏறக்குறைய 1500 லிட்டரும், பெரிய டி வகையில் ஏறக்குறைய 7000 லிட்டரும் இருக்கும். நிரம்பிய சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் சுமார் 150 காட்டும். ஸ்கேன் எடுக்க அழைத்துப் போகும் நோயாளியின் பி வகைச் சிலிண்டரில் கேஜ் 50 காட்டுகிறது என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 500 லிட்டர் மிச்சம். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடினால் 50 நிமிடம். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதும் ஸ்கேன் அறை வாசலில் வரிசையில் நிற்பதும் சேர்ந்தால் அந்த 50 நிமிடம் போதாது. சிலிண்டரை மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

ஃப்ளோமீட்டரின் பந்து நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே லிட்டர் அளவு. பந்தின் மேல்விளிம்பை வைத்துப் படிப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. கிருமி நீக்கிய அல்லது காய்ச்சி வடித்த நீரை மேல் கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நிரப்பி, ஒவ்வொரு நாளும் பாட்டிலைக் கழுவி உலர்த்தி நீரைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய நீரின் மேல் புதிய நீரை ஊற்றி நிரப்புவதால் நுரையீரலுக்குக் கிருமியை நாமே அனுப்பி வைக்கிறோம். மூக்குக் குழாய் வழியாக நான்கு லிட்டருக்குக் குறைவாக, குறுகிய காலத்துக்குக் கொடுக்கும்போது பொதுவாக ஈரப்பதமூட்டல் தேவைப்படுவதில்லை. நோயாளி மூக்கு வறண்டு எரிகிறது என்றால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் பொருத்திய பிறகு நோயாளிக்கு மாட்டும் முன் குழாயை ஒரு கணம் மடித்துப் பிடியுங்கள். கசிவு இல்லாத பாட்டிலில் பாதுகாப்பு வால்வு விசில் அடிக்கும். அந்த வால்வு இல்லாத பாட்டிலானால் குமிழி நின்றுவிடும். எதுவும் மாறாமல் குமிழி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. ஏழாம் கட்டில் பெரியவருக்கு நாங்கள் செய்யத் தவறியது இந்த இரண்டு விநாடிச் சோதனையைத்தான்.

எந்தக் கருவி, எத்தனை லிட்டர்

நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. மூக்கில் வைக்கும் இரட்டை முனைக் குழாயில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடுகிறது. ஒரு லிட்டரில் 24, ஆறு லிட்டரில் 44 என்று கொள்ளலாம். ஆறுக்கு மேல் ஏற்றினால் மூக்கு புண்ணாகுமே தவிரப் பெரிய பயனில்லை. முனைகள் மூக்கின் வளைவை ஒட்டிக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். குழாய் காதைச் சுற்றும் இடத்தில் இரண்டே நாளில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்குவதால், அங்கே சிறிது பஞ்சுத்துணி வைத்து, ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்க வைக்கும்போதும் காதின் பின்புறத்தைப் பாருங்கள்.

சாதாரண மாஸ்க்கில் ஐந்து முதல் பத்து லிட்டர் வரை ஓட்டி 40 முதல் 60 விழுக்காடு வரை கொடுக்கலாம். இதில் ஐந்துக்குக் கீழே இறக்கவே கூடாது. இறக்கினால் நோயாளி விட்ட கரியமில வாயு மாஸ்க்குக்குள்ளேயே தங்கி, அதையே அவர் திரும்ப இழுப்பார். குறைக்க வேண்டிய நிலை வந்தால் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய்க்கு மாற்றுங்கள். பை தொங்கும் மாஸ்க், அதாவது என்ஆர்பிஎம், மிகுந்த மூச்சுத்திணறலுக்கு உரியது. பத்து முதல் பதினைந்து லிட்டரில் 60 முதல் 90 விழுக்காடு வரை தரும். இதை மாட்டும் முன் உள்ளே இருக்கும் வால்வைக் கட்டைவிரலால் அழுத்திப் பையை முழுவதும் நிரப்ப வேண்டும். நோயாளி மூச்சை இழுக்கும்போது பை சற்றே சுருங்கலாம்; தட்டையாக ஒட்டிக்கொண்டால் லிட்டர் போதவில்லை என்று பொருள்.

இவற்றில் வென்சுரி மாஸ்க் ஒன்றுதான் இத்தனை விழுக்காடு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது. நிறம் மாறும் முனைகளில் விழுக்காடும் அதற்கு வேண்டிய லிட்டரும் அச்சிடப்பட்டிருக்கும். பரவலாகக் கிடைக்கும் வகையில் நீலம் 24, வெள்ளை 28, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60. நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறலாம் என்பதால் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்வதைவிட முனையில் உள்ள எழுத்தைப் படிப்பதே சரி. அந்த முனையின் பக்கவாட்டுத் துளைகளைப் போர்வை மூடிவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரை சாச்சுரேஷன் இருந்தால் போதும். நீண்ட காலம் புகைபிடித்தோ விறகடுப்புப் புகையில் சமைத்தோ நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளானவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அவர்கள் நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு இரத்தம் வீணாகப் போகாதபடி உடல் அங்குள்ள நாளங்களைச் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜனை அளவின்றிக் கொட்டினால் அந்தச் சுருக்கம் தளர்ந்து, கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் சேர்கிறது. நோயாளி தலைவலிக்கிறது என்பார், முகம் சிவக்கும், கை படபடவென்று உதறும், பிறகு நன்றாகத் தூங்குவது போல மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். சாச்சுரேஷன் 99 காட்டுகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்த 99தான் இங்கே ஆபத்து. அதே நேரம், இந்த அச்சத்தால் 80க்குக் கீழே போன நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கத் தயங்குவதும் பெருந்தவறு. கொடுங்கள், இலக்கை எட்டியதும் படிப்படியாகக் குறையுங்கள், மருத்துவரிடம் சொல்லி இரத்த வாயுப் பரிசோதனை கேளுங்கள்.

லிட்டரைத் திருகுவது நாம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதே என்று மகனோ மகளோ பரிவோடு குமிழைத் திருகிவிடுவார்கள். கடிந்துகொள்வதால் பயனில்லை. "தம்பி, இது மருந்து மாதிரிதான், மாத்திரைய நீங்களா ரெண்டு மடங்கு கொடுக்க மாட்டீங்கல்ல? அப்பாவுக்கு மூச்சு வாங்கினா உடனே என்னைக் கூப்பிடுங்க, நான் வந்துடுறேன்" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்; சொன்னபடி கூப்பிட்டவுடன் போகவும் வேண்டும்.

கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்றுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்துவிட்டு வருபவருக்கு ஆக்சிஜனே நுரையீரல் அழிவை விரைவுபடுத்தும். எந்த மருந்தைக் குடித்தார் என்று டப்பாவோடு கேட்டறிந்து, பாராகுவாட் என்றால் வழக்கம் போல மாஸ்க்கை மாட்டிவிடாமல், சாச்சுரேஷனைச் சொல்லி மருத்துவரின் ஆணையைப் பெற்ற பிறகே தொடங்குங்கள்.

தீ குறித்து ஒன்று. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதைப் பன்மடங்கு வேகமாக எரிய வைக்கும். தலைமாட்டில் சாமி படம் வைத்து ஊதுவத்தி கொளுத்துவது, கற்பூரம் காட்டித் திருநீறு பூசுவது, கழிப்பறை வாசலில் பீடி பற்றவைப்பது ஆகிய மூன்றும் நம் வார்டுகளில் நடப்பவை. திருநீறு பூசட்டும், கற்பூரம் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே கனிவோடு சொல்லி வையுங்கள். வறண்ட உதட்டுக்கும் மூக்குக்கும் வாசலின் தடவாமல் நீர் அடிப்படையிலான களிம்பைப் பயன்படுத்துங்கள்.

சளியை வெளியேற்றுதல்

சளி அடைத்த மூச்சுக்கிளைக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் பகுதிக்கு, என்ஆர்பிஎம்மில் பதினைந்து லிட்டர் ஓடினாலும் ஒன்றும் போய்ச் சேராது. ஆகவே ஆக்சிஜன் ஏறவில்லை என்றால் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்துக் கேளுங்கள்.

முதல் சிகிச்சை படுக்கையை நிமிர்த்துவது. தட்டையாகப் படுத்திருப்பவரை 45 பாகைக்கு மேல் சாய்த்து உட்கார வைத்து, முழங்கைகளுக்குக் கீழே தலையணை கொடுத்தால், உதரவிதானம் இறங்க இடம் கிடைத்து, பலருக்கு அந்த நொடியிலேயே இரண்டு மூன்று எண் ஏறும். அடுத்தது நீர். இதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாகத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக அருந்தினால் பசை போன்ற சளி இளகும்.

வரிசையும் முக்கியம். மூச்சுக்குழாயை விரிக்கும் நெபுலைசர் மருந்தை முதலில் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மூச்சுப் பயிற்சியும் தட்டலும் செய்து, சளி வெளியேறிய பிறகே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். இவை அனைத்தும் சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பிட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்து. இட்லி சாப்பிட்ட கையோடு முதுகைத் தட்டினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், பத்தில் பெரும்பாலோர் பலூன் போல அதற்குள் ஊதிக்கொண்டிருப்பார்கள். அது இழுப்பதற்கான கருவி. அறுவைச் சிகிச்சை முடிந்த ஓர் அம்மாவிடம் நான் சொல்வது இதுதான்: "அம்மா, உறிஞ்சுகுழல்ல இளநீர் குடிக்கிற மாதிரி மெதுவா இழுங்க. பந்து மேல போனதும் மூணு எண்ணுற வரைக்கும் அப்படியே நிறுத்துங்க. இப்ப விடுங்க." வேகமாக இழுத்து மூன்று பந்தையும் கணநேரம் துள்ள வைப்பதைவிட, ஒரு பந்தை மெதுவாக மேலே நிறுத்தி வைப்பதுதான் மூடிய காற்றறைகளைத் திறக்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை செய்யட்டும். வயிற்றில் தையல் இருந்தால் தலையணையைத் தையல்மீது அணைத்துப் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

இருமத் தெம்பில்லாதவர்களுக்கு ஹஃப் என்னும் முறையைக் கற்றுக்கொடுங்கள். கண்ணாடியில் ஆவி படிய ஊதித் துடைப்போமே, அதே போல வாயைத் திறந்து, தொண்டையைத் திறந்தபடி "ஹா" என்று வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளுவது. முதலில் தோள்களைத் தளர்த்தி அரை நிமிடம் அமைதியான மூச்சு. பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சுகள், ஒவ்வொன்றையும் மூன்று விநாடி நிறுத்தி. மறுபடியும் அமைதியான மூச்சு. பிறகு இரண்டு ஹஃப். சளி மேலே வரும்வரை இந்தச் சுற்றைத் திருப்பிச் செய்யலாம். தொடர் இருமலைப் போல இது ஆளை அயர்த்திவிடாது.

முதுகைத் தட்டுவதற்குக் கையை, தண்ணீர் அள்ளுவது போலக் குவித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, மெல்லிய துணியின் மேல் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் குதிரைக் குளம்பொலி போன்ற குழிந்த ஓசை வரும். அறைவது போலச் சப்தம் வந்தால் கை தட்டையாகிவிட்டது என்று பொருள். முதுகெலும்பு, மார்பெலும்பு, மார்பகம், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் உள்ள இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விலா முறிந்தவர், இரத்தமாகத் துப்புபவர், எலும்பு மிகவும் மெலிந்தவர், தலைக்குள் அழுத்தம் கூடியவர் ஆகியோருக்குத் தட்டல் கூடாது.

வெளிவந்த சளியைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். மஞ்சளும் பச்சையும் தொற்றைக் காட்டலாம். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அதற்குத் தட்டலால் பயனில்லை, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். காசநோய் ஐயம் உள்ள நோயாளியானால் சன்னலைத் திறந்து, நீங்கள் என்95 மாஸ்க் அணிந்த பிறகே இருமச் சொல்லுங்கள்.

சக்ஷன்

தானாக இருமித் துப்ப முடிகிறவருக்குச் சக்ஷன், அதாவது இயந்திரத்தால் சளியை உறிஞ்சி எடுப்பது, வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துச் செய்யும் வழக்கமும் வேண்டாம். கரகரப்புக் கேட்டால், சளி கண்ணில் பட்டால், சாச்சுரேஷன் இறங்கினால், அப்போது செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் உட்சுவர் சிறிது காயமடைகிறது, நோயாளி மூச்சு முட்டித் தவிக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

மூச்சுவிடுவதற்காகத் தொண்டையில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாய் உள்ள நோயாளியை எடுத்துக்கொள்வோம். சளியை உறிஞ்ச உள்ளே செலுத்தும் மெல்லிய குழலான கதீட்டரின் தடிமன், டிரக்கியாஸ்டமி குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உள்விட்டத்தில் இரண்டைக் கழித்து இரண்டால் பெருக்கினால் கதீட்டர் எண் கிடைக்கும். எட்டு மில்லிமீட்டர் குழாய்க்குப் பன்னிரண்டாம் எண். இயந்திரத்தை ஓடவிட்டுக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்: பெரியவர்களுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர் பாதரச அளவு, பச்சிளங்குழந்தைகளுக்கு 100ஐத் தாண்டக் கூடாது. நினைவிழந்தவராக இருந்தாலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று காதருகே சொல்லுங்கள். கை கழுவி, முகக்கவசமும் கண் கவசமும் அணிந்து, அரை முதல் ஒரு நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்த பிறகு, கிருமி நீக்கிய கையுறை அணிந்த கையால் மட்டுமே கதீட்டரைத் தொடுங்கள்.

உள்ளே செலுத்தும்போது உறிஞ்சக் கூடாது. மூடினால்தான் உறிஞ்சத் தொடங்கும் கதீட்டரின் பக்கத்துளையை விட்டுக் கட்டைவிரல் விலகியே இருக்கட்டும். தடை தட்டுப்பட்டால் ஒரு சென்டிமீட்டர் பின்னே இழுத்து, அதன் பிறகு துளையை மூடி, கதீட்டரை விரல்களுக்கிடையே சுழற்றியபடி வெளியே எடுங்கள். உள்ளே போய் வெளியே வரும் வரை மொத்தம் பதினைந்து விநாடிக்குள் முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க முடியாத அந்த நேரத்தில், நீங்களும் உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எப்போது முட்டுகிறதோ அதற்கு முன்பே அவருக்கு முட்டியிருக்கும். உடனே ஆக்சிஜனைத் திரும்பக் கொடுத்து, குறைந்தது ஒரு நிமிடம் ஓய்வு விட்டு, தேவையானால் மறுபடி; மூன்று முறைக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம். நாடித்துடிப்பு சட்டென்று இறங்கினால் எந்த நிலையிலிருந்தாலும் கதீட்டரை வெளியே எடுத்து ஆக்சிஜன் கொடுங்கள். சளி இளகட்டும் என்று ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் சலைன் விடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது; அதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை. வாயையும் மூக்கையும் கடைசியாகச் சுத்தம் செய்யுங்கள். வாய்க்குள் போன கதீட்டர் எக்காரணம் கொண்டும் மூச்சுக்குழாய்க்குத் திரும்பக் கூடாது.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். "ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அடுத்துப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "காலை 6.10: மூக்குக் குழாய், 3 லிட்டர், சாச்சுரேஷன் 90, மூச்சு 26, இலக்கு 88-92. நெபுலைசருக்குப் பின் ஹஃப் இரண்டு சுற்று; மஞ்சள் நிறக் கெட்டிச் சளி சுமார் ஒரு தேக்கரண்டி. காலை 6.40: சாச்சுரேஷன் 91, மூச்சு 22, முழு வாக்கியம் பேசுகிறார்" என்ற குறிப்பைப் படித்தால் பகல் பணிக்கு வருபவர் கட்டிலருகே போவதற்கு முன்பே நோயாளியைப் பாதி அறிந்துவிடுவார். மீதிப் பாதிக்கு, நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடி ஒப்படைக்காமல் இருவரும் கட்டிலுக்கே சென்று, கேஜைப் பார்த்து, பாட்டில் மூடியைத் தொட்டுப் பார்த்து, குழாயை ஒருமுறை மடித்துப் பிடித்து விசிலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.